தாளிக்காத கோடை

எதிர்வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது. முந்தாநாள் சுவரைச் சுரண்டினார்கள், நேற்று பட்டி பார்த்தார்கள், இன்று காலையிலிருந்து கதவு ஜன்னலுக்கு எனாமல் பூசுகிறார்கள். தின்னர் வாசம் தெருவைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நான் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய், காய்ந்த துணிகளையே மறுபடி உதறிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். உங்கள் தோளில் முகத்தை வைத்தால் வருகிற வாசம் அது. நீங்கள் போய் இது இரண்டாவது வெயில்காலம்.

இதே வாசம் ஒரு கோடையில் எனக்கு ஆகாமல் போனது. இன்று மாடியில் நிற்கும்போது அந்தக் கோடை முழுவதும் எனக்குள் திரும்பி வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருந்தோம். மிளகாய் மூட்டை இறக்குகிற கடைகளுக்குப் பின்சந்தில், மாடியில் ஒரே அறை. மேலே சிமெண்ட் ஷீட்டுக் கூரை. அறையின் மூலையில் ஒரு மேடையும் அதன்மேல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், அதுதான் சமையலறை. மைசூர் குளிர்ச்சியான ஊர் என்று சொல்லித்தான் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பங்குனி வெயிலில் அந்தக் கூரைக்கடியில் அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் அப்பா கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், நீங்கள் இங்கே பிறந்து பெயிண்டர் ஆனவர். உங்கள் தமிழ் எனக்கு வேடிக்கையாக இருக்கும். ‘கொஞ்சம்’ என்று ஒருநாளும் உங்கள் வாயில் வராது, கன்னடத்துச் ‘சொல்ப’தான் வரும்.

அந்தக் கோடைக்கு முந்தின வருஷம் நமக்கு ஒரு இழப்பு. ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். எல்லையில், பாலாறு செக்போஸ்ட்டில் எல்லோரையும் இறக்கி, பைகளைப் பார்த்து, மறுபடி ஏற்றினார்கள். அதற்கப்புறம் மாதேஸ்வரன் மலை வளைவுகளில் பஸ் உலுக்கி எடுத்தது. வீடு வந்த மறுநாள் வயிற்றில் இருந்தது தங்கவில்லை. பஸ்ஸால்தான் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றுதான் சொன்னார். ஆனால் நாம் இரண்டு பேரும் மனசுக்குள் அந்த ரோட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் வேலைக்குப் போனீர்கள், நான் சமைத்தேன், நாள் போயிற்று.

சிவராத்திரி கழிந்து மறுபடி எனக்கு நாள் தள்ளியது. சொன்னபோது நீங்கள் சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. இந்தத் தடவை எங்கேயும் பஸ் ஏற வேண்டாம் என்று மட்டும் சொன்னீர்கள்.

பிறகு மசக்கை ஆரம்பித்தது. கடுகு வெடித்தால் குமட்டியது. சோறு கொதிக்கிற ஆவி குமட்டியது. கீழே மிளகாய் மூட்டை பிரித்தால் மேலே நான் வாளியைத் தேடினேன். கடைசியில், சொல்லவே கூச்சமாக இருந்தது, உங்கள் வாசமும் சேரவில்லை. நீங்கள் வேலையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மறுநாள் ஈரத்தலையோடு, துவைத்த சட்டையில் வந்தீர்கள். வேலை நடக்கிற வீட்டிலேயே குளித்துவிட்டு வர ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டைமாடியின் கோடியில் வைத்து, தார்ப்பாயைக் கட்டி நிழல் செய்து, நீங்களே சமைக்க இறங்கினீர்கள். சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் தீய்ந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தாளித்தும், வாசம் எப்படியோ சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தது.

யுகாதிக்கு முன்னால் அம்மா வந்தாள். என்னைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“இந்த ஷீட்டுக்கடியில கெடந்தா புள்ள வதங்கிப் போயிருவா. நான் கூட்டிக்கிட்டுப் போறேனுங்க மாப்ள.”

அம்மாவிடம் நீங்கள் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று தலையைக் குனிந்துகொண்டே, “அந்த ரோட்டுல இன்னொரு வாட்டி அவள அனுப்ப மாட்டேன் அத்தை” என்றீர்கள்.

யார் ஆக்கிப் போடுவது என்று அம்மா கேட்டாள். நான் என்றீர்கள். மாடிக்கோடியில் கரிபிடித்துக் கிடந்த குண்டானை அம்மா ஒரு பார்வை பார்த்தாள். சில நாள் இருந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அதுவும் தங்கவில்லை. ஊரில் மாடு கன்றை அடுத்தவர் பொறுப்பில் விட்டு வந்திருந்ததால் கிளம்ப வேண்டியிருந்தது. போகும்போது, சித்திரை பிறக்கிறவரைதான் பார்ப்பேன், அப்போதும் இப்படியே இருந்தால் யார் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் நீங்கள் என்னை ஹோட்டல்களுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தீர்கள். வெயில் தாழ்ந்ததும் மெல்ல நடப்போம். கடை வந்தால் என்னை வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போவீர்கள். ஒரு சுற்று சுற்றி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வந்து, “இங்க வெங்காயம் வதக்கறாங்க, வேணாம்” என்பீர்கள். அடுத்த கடையில் சாம்பார் கொதிக்கும். அதற்கடுத்த கடையில் கல்லாவில் ஊதுவத்தி. ஒரு இடத்தில் முதலாளி, யாரைத் தேடுகிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். நீங்கள் வெட்கப்படாமல் காரணத்தைச் சொல்ல, அவர் சத்தம் போட்டுச் சிரித்து, வாசலோரம் காற்று வருகிற மேஜையில் நம்மை உட்கார வைத்தார். சட்னி இல்லாமல் ஒரு இட்லி. பாதிதான் தின்றிருப்பேன். எழுந்து ஓடியும் படியைத் தாண்ட முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. நீங்கள் உள்ளே போய் வாளியும் துடைப்பமும் கேட்டு வாங்கி வந்து, அந்தப் படியைச் சுத்தமாகக் கழுவிவிட்டீர்கள். வழியெல்லாம் நான் அழுதேன். “நாளைக்கு வேற கடை பாக்கலாம்” என்றீர்கள், சினிமாவுக்கு டிக்கெட் கிடைக்காதவர் மாதிரி.

ராமநவமிக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். குறைந்திருந்தது. தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நர்ஸம்மா உங்களிடம் சொன்னார். வீட்டுக்கு வந்து ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொண்டுவந்தீர்கள். நான் முகத்தைத் திருப்பினேன். மறுபடி நீட்டினீர்கள். மறுபடி திருப்பினேன்.

“ஒரு வாய் தின்னு தொலையேன்.”

நம் கல்யாண வாழ்க்கையில் நீங்கள் என்மேல் கத்தியது அதுதான் முதல் தடவை. தட்டை மேடைமேல் டங்கென்று வைத்துவிட்டு வெளியே போனீர்கள். கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வந்து மேல்படியில் உட்கார்ந்தேன். கீழே சந்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நீங்கள் திரும்பவில்லை.

“போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு பயமா இருக்கு.”

எனக்கும் என்றேன்.

“அது பொண்ணுன்னு நெனச்சுட்டிருந்தேன். உன்கிட்ட சொல்லல.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னபோது உங்கள் முதுகு குலுங்கியது. பெரிய பெரிய சுவர்களில் சாரம் கட்டி ஏறுகிற ஆள். நான் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு எந்த வாசமும் என்னை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் அறைக்குள் இருக்க முடியாத வெக்கை. சந்துமுனையில் ராமநவமிப் பந்தல் போட்டிருந்தார்கள். ஈரத்துணி சுற்றிய பானைகளில் பானகம், நீர்மோர். பக்கத்தில் அகலமான தாம்பாளத்தில் கோசம்பரி. நிழலுக்காகத்தான் அங்கே போய் நின்றோம். நீங்கள் ஒரு தொன்னையில் கோசம்பரி வாங்கிவந்து, கொடுக்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நானே எடுத்துக்கொண்டேன். ஊறிய பாசிப்பருப்பு பல்லில் நறுக்கென்றது. வெள்ளரிக்காய், மாங்காய்ப் புளிப்பு, தேங்காய்ப்பூ. அடுப்பின் வாசமே படாத சாப்பாடு. விழுங்கிவிட்டு, இனி என்ன ஆகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இன்னும் கொஞ்சம் என்றேன்.

நீங்கள் வரிசையில் போய் நின்றீர்கள். அப்புறம் இன்னொரு முறை. அதற்கும் அப்புறம் போனபோது பரிமாறுகிற பெரியவர் கரண்டியை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். நீங்கள் என்னைக் கைகாட்டினீர்கள். அவர் ஒரு வாழையிலை நிறைய அள்ளிக் கட்டிக் கொடுத்தார். நீங்கள் உடனே வரவில்லை. எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், உப்பு எப்போது போடுவது என்று, இரண்டு நிறத்தைக் கலக்க அளவு கேட்பதுபோல அவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதிலிருந்து நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் எழுந்ததும் பருப்பை ஊறப் போடுவீர்கள். வேலைக்குப் போகுமுன் கோசம்பரி. சாயங்காலம் தயிரில் ஊறிய அவல், மாங்காய்த் துண்டு, தர்பூசணி. முதல் வாரம் வெள்ளரிக்காயை விறகு பிளப்பதுபோல நறுக்கினீர்கள். போகப் போகத் துண்டுகள் பொடியாயின. உப்பு மட்டும் கடைசிவரை உங்கள் கைக்கு அடங்கவில்லை. கீழ்வீட்டு அம்மா, நம் வீட்டுக்காரம்மா, தினமும் மோர் கொண்டுவந்து வைப்பார். மாடியில் ஒரு ஆண்பிள்ளை நெருப்பே இல்லாமல் சமைக்கிறான் என்று சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நீங்களும் அதையேதான் சாப்பிட்டீர்கள். ஒருநாள் களிக்கும் குழம்புக்கும் நாக்கு ஏங்குகிறது என்று வாய்விட்டே சொன்னீர்கள். போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நான்தான் அனுப்பினேன். குழம்பு வாசம் எனக்குத் தெரியக்கூடாதென்று வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தீர்கள். அந்த வெற்றிலை வாசத்துக்கு நான் வாளியிடம் ஓடினேன். அதற்கு நாம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு அம்மா என்னவோ ஏதோ என்று மேலே வந்துவிட்டார்.

சித்திரை பிறந்ததும் அம்மா சொன்னபடியே வந்தாள், என்னை அழைத்துப் போகக் காலிப் பையோடு. நீங்கள் பேச்சுக் கொடுக்காமல் ஒரு தட்டுக் கோசம்பரியை அவள்முன் வைத்தீர்கள். அம்மா தின்றாள். என் கன்னத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“உப்பு சாஸ்தியாப் போச்சுங்க மாப்ள” என்றாள். அப்புறம், “ஐப்பசிக்கு நானே இங்க வந்தர்றேன்” என்றாள்.

மழை இறங்கி, கூரை குளிர்ந்து, ஒருநாள் எனக்கு மசாலா தோசை வேண்டும் போலிருந்தது. நீங்கள் படி கழுவிய அதே ஹோட்டலுக்குப் போனோம். முதலாளி நம்மை மறக்கவில்லை. காற்று மேஜையைக் காட்டினார். நான் சாப்பிடுவதையே நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதட்டிய பிறகுதான் உங்கள் தோசையைத் தொட்டீர்கள். தீபாவளிக்கு முன்னால் மகள் பிறந்தாள். இன்று அவள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். போனில் என்னோடு பாதிக்குமேல் கன்னடம்தான். அப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் தமிழுக்கு வந்துவிடுகிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கோடைக்குப் பிறகு உங்களுக்கு ஒரு பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. வேலை முடிந்து படியேறும்போதே, “இன்னைக்கு என்ன திங்கத் தோணுது?” என்று கேட்பீர்கள். மசக்கை போய், கேஸ் அடுப்பு வந்து, சொந்த வீடு வந்த பிறகும் கேட்டீர்கள். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஏதாவது ஒன்று என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்களுக்கு ஒன்றும் இறங்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் கஞ்சியை நீட்டினார்கள், கெஞ்சினார்கள், பலம் வேண்டாமா என்று கடிந்தார்கள். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்கு அது புரிந்தது. எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, டம்ளரைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். நீங்கள் மெதுவாகத் திரும்பி, “சொல்ப உக்காரு” என்றீர்கள். உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் நீங்கள் நன்றாகத் தூங்கினீர்கள்.

அந்த உட்கார்தல் இப்போது என்னிடம் இருக்கிறது. தெருவில் யாராவது சோறு இறங்காமல் படுத்துவிட்டால் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். ஒரு வாய் சாப்பிடு என்று சொல்வதில்லை. அவர்களாகக் கேட்கிறவரை காத்திருக்கிறேன். இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று மகள் கேட்டாள். ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து உன் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டோம் என்று சொன்னேன்.

சாயங்காலங்கள்தான் நீளமாக இருக்கின்றன. தனி ஆளுக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடுகிறது. இப்போது நீங்கள் படியேறி வந்து கேட்டால், ஏதாவது ஒன்று என்று சொல்லமாட்டேன். வெளியே போகலாம் என்பேன். எந்தக் கடையானாலும் சரி, என்ன இருந்தாலும் சரி. எதிரில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், நான் சாப்பிட வேண்டும்.