விபூதி போட்டுத் தேய்த்த பிஷப் காசு

என் அன்பான என்னங்க,

கூடவே வாழ்ந்தபோது பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் வாயில் வருமா? இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் வருஷத் திதி முடிந்துவிட்டது. இங்கே வளைகுடாவில், மங்காஃபில் அதே வீடுதான். உங்கள் விசாவில் இருந்த நம் கயலை என் ஆபீஸ் விசாவுக்கு மாற்றிக்கொண்டேன். காலையில் டியூட்டி, சாயந்திரம் சமையல், நடுவில் யாராவது போன் செய்து "தைரியமா இரு" என்பார்கள். தைரியமாக இருந்து இருந்தே அலுத்துவிட்டது எனக்கு.

நம் பெண்தான் கவலை. நீங்கள் போனதிலிருந்து கயல் அழவே இல்லை. ஊரில் உங்களைக் கிடத்தியிருந்தபோதும் இல்லை, திரும்பி வந்து உங்கள் சட்டைகளை அட்டைப்பெட்டியில் போட்டபோதும் இல்லை. "ஐ ஆம் ஃபைன்மா" என்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளை இப்படி இறுகிப்போனால் பெற்றவள் என்னதான் செய்வது?

துக்க வருஷம் என்று பண்டிகை இல்லை, விளக்குத் துலக்கவும் இல்லை. வீட்டு வெள்ளியெல்லாம் கறுத்துக் கிடந்தது. திதிக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, லீவு. எல்லாவற்றையும் பரப்பி விபூதி போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். உங்கள் பீரோவிலிருந்த காசையும் எடுத்தேன்.

முபாரக்கியா சூக்கில், அந்தப் பழைய சந்தையில் வாங்கி வந்தீர்களே, ஜெர்மனியில் பிஷப்பே ராஜாவாகவும் ஆண்ட ஊரின் வெள்ளிக் காசு. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் கேடயத்துக்குப் பின்னால் வாளும் கோலும். "சாமியாருக்கு எதுக்குங்க கத்தி?" என்றேன். "கோலுக்கு அடங்காதவனுக்குத்தான்" என்று சிரித்தீர்கள். அப்பாவும் பெண்ணும் லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பீர்கள். என்னைத் தொட விட்டதில்லை. நான் கீழே போட்டுவிடுவேன் என்ற பயம் என்றே நினைத்தேன். கறுப்புதான் அதற்கு மதிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள் படத்துக்கு முன்னால் பளிச்சென்று வைக்க ஆசைப்பட்டேன். நன்றாகத்தான் தேய்த்தேன். பிஷப் முகம் புதுக் கொலுசு மாதிரி மின்னியது.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?" கயல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நான்தான்டி. விபூதி போட்டு."

"அம்மா, இட்ஸ் ரூயின்ட்! எத்தனை நூறு வருஷத்துக் கறுப்பு தெரியுமா? அப்பா துணியால கூடத் துடைக்க மாட்டாரு!"

சூக்கில் அந்தக் கடை வைத்திருக்கும் பாய்க்குப் போட்டோ அனுப்பினாள். "கலாஸ், பேட்டி" என்று மட்டும் பதில் வந்தது. எல்லாம் போச்சு மகளே என்று அர்த்தமாம்.

அதைப் படித்ததும் உடைந்துவிட்டாள். "அப்பா, அப்பா" என்று தரையில் உட்கார்ந்து, பிறகு என் மடியில் விழுந்து, மூக்கெல்லாம் ஒழுக அழுதாள். என் கையிலிருந்த விபூதியெல்லாம் அவள் முதுகிலும் தலையிலும் அப்பிக்கொண்டது. நானும் அழுதேன். மதியம் யாரும் சாப்பிடவில்லை. சாயந்திரம் அவளாகவே உங்கள் சட்டைப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று இருக்கிறது.

கோபமாங்க? எவ்வளவு அலைந்து தேடிய காசு! எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? இதுதான் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தாலும் தேய்த்திருப்பேன்.

இனி அவள் அழும்போது அடுப்பில் எது இருந்தாலும் அணைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். இது உங்கள்மேல் சத்தியம்.

உங்கள் கயலின் அம்மா