நீண்ட குண்டும் பழைய குழலும்

அன்புள்ள அப்பாவுக்கு,

டோருன் எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். மீனும் உருளைக்கிழங்குமாக நாள் ஓடுகிறது.

குறி தவறுகிறது, கண்ணும் கையும் போய்விட்டன, வேட்டைத் துப்பாக்கியைப் பக்கத்து வீட்டு சிக்வார்ட்டுக்கு விற்கப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். விற்காதீர்கள்.

நான் வேலை செய்யும் துப்பாக்கிக் குழல் பட்டறையில் நேற்று ஒரு கூத்து. துப்பாக்கி சுடும் போட்டிக்கு எனக்கொரு குழல் எடுத்தேன், பளபளப்பில் மயங்கி. நூறு மீட்டரில் சுட்டால் இலக்குத் தாளில் ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீளநீளமாக இருந்தன. மேஸ்திரி ஹால்வார் சிரித்தார். "என்ன டோருன், குண்டெல்லாம் படுத்துக்கிட்டே போயிருக்கு! காலை அளக்காம செருப்பு வாங்குவியா?"

குழலுக்குள் திருகலாக ஓடும் வரிகள்தாம் குண்டைச் சுழற்றுகின்றன. நீண்ட குண்டு நேராகப் போக அதிகம் சுழல வேண்டும். என் குழலில் வரிகள் சாவகாசமாகத் திரும்பின. நெருக்கமாகத் திருகும் குழலை மாற்றிச் சுட்டேன். ஐந்தும் ஒரு காசளவுக்குள் விழுந்தன.

அப்போதுதான் உங்கள் பழைய குழல் நினைவுக்கு வந்தது; அதன் வரிகளும் சாவகாசமாகத்தான் திரும்பும் போலிருக்கிறது. கிறிஸ்துமஸ் பரிசாக நான் அனுப்பிய குண்டுகளும் அதே நீளம். அதற்குப் பிறகுதானே உங்களுக்குக் கலைமான்கள் தப்பின?

துப்பாக்கி துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கிச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். வரிகளோடு சேர்ந்து கம்பி ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை சென்டிமீட்டர் போகிறதென்று எழுதுங்கள். அதற்கேற்ற குண்டை நானே அனுப்புகிறேன்.

அம்மாவின் கம்பளிக் கையுறை அலமாரியில் இருந்தால் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஹால்வார் கூப்பிடுகிறார். உங்கள் கையில் குறையில்லை அப்பா, என் பரிசில்தான்.

டோருன்