சிக்னலில் நின்ற பந்தயக் கார்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் மூவரும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் தங்கை காதில் விழும், அதனால்தான் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் ஆள் வராத மதிய நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கிளம்பிப் போனதிலிருந்து சின்னவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டரில் முகம் தெரியாதவர்களோடு கார் பந்தயம் ஆடுவதே கதி என்று இருந்தாள். சாப்பாட்டுத் தட்டும் உள்ளேதான் போகும். கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஊஹூம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் ஒரு வண்டி கொடு என்றார். இத்தனை வருஷம் பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, சிவப்பு விளக்கைப் பார்த்ததும் பந்தயக் காரை நிறுத்திவிட்டார்! பின்னால் வந்தவனுக்கெல்லாம் ஒதுங்கி வழி வேறு விட்டார். “அப்பா, இது ரேஸ்ப்பா, போங்க!” என்று அவள் கத்த, “குறுக்க ஆள் வந்தா யாரு பதில் சொல்றது?” என்று இவர் கேட்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று, நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மூவரும் ஆடுகிறோம். என் கார் சாலையில் இருந்ததைவிடக் கடலில் கிடந்த நேரம்தான் அதிகம். அப்படி ஆடும்போதுதான் ஒரு நாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, பள்ளிக்கூடத்தில் தோழிகள் தன்னை ஒதுக்கிவிட்டதையும், மதியம் தனியாகச் சாப்பிடுவதையும் சொன்னாள். “இந்த கேமுக்குள்ள வந்தாதான்மா என்கூட யாராவது பேசுறாங்க” என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போன என் கையை அப்பா மெல்ல அழுத்திவிட்டு, “ம், அப்புறம்?” என்று கேட்டபடி வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தார். அவளும் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று எழுந்து போயிருப்பாள்.

கேள் இன்னொன்றை. அப்பா ஓட்டுகிற லட்சணத்தை, அந்த ஆட்டத்தில் தன்னோடு ஆடுகிறவர்களிடம் இவள் சொல்லியிருக்கிறாள். தன்னைக் குட்டி நரி என்று சொல்லிக்கொள்ளும் ஒரு பெண், “எங்க ஸ்கூல் பஸ்ஸும் இப்படித்தான் ஊர்ந்து போகும்” என்றாளாம். எந்த ஸ்கூல் என்று கேட்டால், இவள் பள்ளியேதான், பக்கத்து வகுப்பு! சனிக்கிழமை நரி நம் வீட்டுக்கு வந்தாள். இரண்டும் கம்ப்யூட்டரைத் தொடாமல் பொழுது சாயும்வரை மொட்டைமாடியில் பேசித் தீர்த்தன. இப்போது மதியம் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், நானும் டப்பாவில் ஒரு பங்கு கூட வைக்கிறேன்.

கவலை முழுக்கத் தீர்ந்துவிடவில்லை, தூக்கம் குறைவு, கணக்குப் பரீட்சை வேறு வருகிறது. ஆனாலும் நீ போன் செய்தால் எடுத்த எடுப்பில் மார்க்கைக் கேட்காதே. ஞாயிறு மாலை நேரம் கிடைத்தால் நீயும் ஆட்டத்துக்குள் வா. ஒரு நீல வண்டியை அண்ணனுக்கு என்று வைத்துக்கொண்டு, நரிக்குக்கூடத் தர மாட்டேன் என்கிறாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நினைத்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்ந்தே வருகிறது.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா