காம்பவுண்ட் ஓரத்துச் செவ்வரளி

ஆகஸ்ட் 6, 2003. புதன்.

காலைல தூறல். அரை நாள் லீவு. காம்பவுண்ட் ஓரத்துச் செவ்வரளி கரண்ட் கம்பியைத் தொடுது. வெட்டினேன். கிளையெல்லாம் பக்கத்துக் காலி மனையில குவிச்சாச்சு. வழியில போடாதீங்கன்னு வீட்டுக்காரி சாந்தி சொன்னா. காயட்டும், அப்புறம் எடுக்கலாம்னேன்.

பக்கத்து வீட்டு டீச்சரோட நாய்க்குட்டி ராணி, ஆறு மாசம். ஒரு கிளையைக் கவ்விக்கிட்டு ஓடுச்சு. பார்த்தேன். அரளி ஆகாதுன்னு தெரியும், ஆடு கூட வாய் வைக்காது. நாய் இலை தின்னுமா என்னன்னு ஒரு நினைப்பு. பிடுங்கியிருக்கலாம். சிரிச்சுட்டு குளிக்கப் போயிட்டேன்.

சாயந்திரம் டீச்சர் ஓடி வந்தாங்க. ராணிக்கு வாந்தி, எச்சில் ஒழுகுது, நிக்க முடியல. என் வண்டியிலதான் மாட்டாஸ்பத்திரி. டீச்சர் பின்னாடி, மடியில துண்டு சுத்தின ராணி. என்ன தின்னுச்சுன்னு டாக்டர் கேட்டார். தயிர் சாதம்தான்னாங்க டீச்சர். வேற ஏதாவது செடி, மருந்துன்னு என் பக்கம் திரும்பினார்.

“தெரியல சார்”னு சொன்னேன்.

இதை எழுதவே கூசுது. வயித்துக்கு ஊசி போட்டு அனுப்பிட்டார்.

வியாழன்.

ஆபீஸ்ல ஒரு ஃபைலும் நகரல. மத்தியானம் வந்து, கிளைகளைக் கோணியில கட்டி தூரக் குப்பைமேட்டுல போட்டேன். யாரும் பார்க்கல. அதையும் பார்த்துட்டுத்தான் போட்டேன்.

நாலு மணிக்கு ராணி செத்துப்போச்சு. டீச்சருக்கு வீட்ல துணைன்னா அதுதான், பொண்ணு பெங்களூர்ல. குழி நான்தான் வெட்டினேன். வேர்க்குதேன்னு டீச்சர் மோர் கொடுத்தாங்க. குடிச்சேன்.

சாந்தி கிட்ட சொன்னேன். “வேணும்னேவா செஞ்சீங்க? பேசாம இருங்க”ன்னா.

வெள்ளி.

வெயில் ஜாஸ்தி. எதிர்வீட்டு பழனி ஆட்டோ ஓட்டறவர். போன மாசம் ராணி குலைக்குதுன்னு கல்லால அடிச்சவர். அவர்தான் விஷம் வெச்சார்னு டீச்சர் தெருவெல்லாம் சொல்றாங்க. என்கிட்டயும் சொன்னாங்க. தலையாட்டினேனா, சும்மா இருந்தேனா? ஆட்டினேன்னுதான் நினைக்கிறேன்.

சனி.

காஸ் வரல. பல்பு மாத்தணும்.

பழனி வந்தார், வாசல்லயே நின்னார். தெருவுல யாரும் பேசறதில்லையாம். பொண்ணை ஸ்கூல்ல கூட, நாயைக் கொன்னவர் பொண்ணான்னு கேக்கறாங்களாம்.

“கல்லு போட்டது நிஜம் சார். விஷம் வெக்கல. நீங்களாவது நம்புங்க.”

நம்பறேன்னு சொன்னேன். அரளியைப் பத்திச் சொல்லல. கையெடுத்துக் கும்பிட்டுப் போனார்.



ஞாயிறு.

காலைல ஆறரைக்கே டீச்சர் வீட்டுக்குப் போயிட்டேன். சாந்திக்குச் சொல்லல. கோலம் போட்டுட்டிருந்தாங்க. கிளை வெட்டினது, ராணி கவ்வினதைப் பார்த்தது, குப்பைமேட்டுல போட்டது, எல்லாம் சொன்னேன். கோலமாவு டப்பாவைக் கீழ வெச்சாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன்.

“டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருந்தா அவர் வேற ஏதாவது பார்த்திருப்பாரே சார்.”



கையைக் கழுவிட்டு நேரா பழனி வீட்டுக்குப் போனாங்க. நானும் பின்னாலயே. ஆட்டோ துடைச்சிட்டிருந்தார். உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன்னாங்க டீச்சர். அப்ப யாருங்கன்னார் பழனி. டீச்சர் என்னைக் காட்டல, தரையைப் பார்த்தாங்க.

நான்தான்னு சொன்னேன்.