நூலை நம்பும் அப்பா

அன்புள்ள சின்னவனுக்கு,

நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. சின்ன வயதில் முழங்கால் சிராய்ப்பு ஆறிக்கொண்டிருந்தபோது, "உள்ள உக்காந்து யாரும்மா தைக்கிறாங்க?" என்று கேட்டாயே, தையல்காரர் பிள்ளை வேறெப்படிக் கேட்கும் என்று சிரித்தேன். இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் குடலில் கெட்டுப்போன பகுதியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தது உனக்குத் தெரியும். நேற்று போனில் நீ, "தையல் கெட்டியா இருக்கும்ப்பா, பயப்படாதீங்க" என்று சொன்னாயாம், அதையே பிடித்துக்கொண்டார். நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், நடக்கிறார், ஆனால் கால் மாடிப்படிப் பக்கமே போகிறது, அங்கேதான் நாலு பேர் நின்று புகைக்கிறார்கள். காலையில் அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சிகரெட். கேட்டால், "நான் தைச்சது பிரிஞ்சு யாராவது திரும்பி வந்திருக்காங்களா? டாக்டரம்மா கையும் நல்ல கைதான்" என்கிறார். நர்ஸ், "ஐயா, நீங்க பேன்ட் இல்ல" என்றாள். அதற்கும் சிரிக்கிறார்.

டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். குடல் சுவருக்குள் கொலாஜன் என்ற புரதம் வலை மாதிரி பின்னிக் கிடக்கிறதாம், நூல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த வலையைத்தான். வெட்டிய ஓரத்தில் முதல் சில நாள் பழைய கொலாஜன் கரைகிற வேகத்துக்குப் புதியது பின்னப்படுவதில்லை. அதனால் தைத்த அன்று இருந்த பலம்கூட இப்போது அந்த இடத்தில் இல்லை. துணி நைந்துபோனால் நல்ல நூல் என்ன செய்யும் சொல். புகை பிடித்தால் அங்கே போகிற ரத்தமும் பிராணவாயுவும் குறையும், புதிய வலை பின்னுவது இன்னும் தாமதமாகும், இணைப்பு விட்டுப்போனால் குடலில் இருப்பது வயிற்றுக்குள் கசியும், உயிருக்கே ஆபத்து என்றார். நான் இதைச் சொன்னால், "டீச்சர், பெல் அடிச்சாச்சு" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். சிகரெட்டை எடுத்துவிட்டேன், அடுத்தது எங்கே இருக்கிறதோ. நீ சொன்னால்தான் கேட்பார்.

நீ மனநிறைவோடு நூறாண்டு வாழவேண்டும் மகனே. கையால் எழுதியதைப் படம் பிடித்து இப்போதே அனுப்புகிறேன், பார்த்ததும் ஒன்று செய். நைந்த பழைய சட்டை ஒன்றை எடுத்து, அதன் தையலை இரண்டு பக்கமும் பிடித்து இழு. முதலில் விட்டுக்கொடுப்பது நூலா துணியா என்று பார்த்து, அதை உன் வாயாலேயே அப்பாவிடம் சொல்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா