ஒப்பந்தத்தில் உள்ள கர்ப்பப்பை

செவ்வாய், மேற்குப் பள்ள நிலையம்
பதிவு செய்பவர்: தவமணி, அறுவை மருத்துவர்

நாள் 611, 09:20
பயிர்க்கூடத்தில் வேலை செய்யும் தூத்துக்குடிக்காரி பெனடிக்டாவுக்கு வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தேன். இருவரும் நலம். நஞ்சுக்கொடி மட்டும் பிரியவில்லை. கர்ப்பப்பைச் சுவருக்குள் வேரோடியிருக்கிறது. பிய்த்தால் ரத்தம் நிற்காது. நிலையத்தில் கருவுறும் வயதுள்ளவள் இவள் ஒருத்திதான். கர்ப்பப்பையை எடுக்காமல், ரத்தக்குழாய்களைக் கட்டி, நஞ்சை உள்ளேயே விட்டுத் தைத்திருக்கிறேன். தானாகக் கரைய வேண்டும். அவளும் அதைத்தான் கேட்டாள்.

நாள் 611, 15:05
தலைமையகம்: “கர்ப்பப்பை பத்திரமா?”
ஊரில் என்றால் முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதுதான். இவர்கள் குழந்தையைப் பற்றியே கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.

நாள் 624, 11:40
காய்ச்சல். துர்நாற்றம். நஞ்சு கரையவில்லை, அழுகுகிறது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. தனி அறையிலிருந்து ஒலிபெருக்கியில் பெனடிக்டா: “இன்னொண்ணு வேணும்னு ஆசப்பட்டேன், வாஸ்தவந்தான். இப்ப வேண்டாம் டாக்டர். எடுத்துருங்க. எம் புள்ளைக்கு நான் வேணும்.”
இங்கே வருமுன் அவள் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, இதற்குச் சம்மதம் தர வேண்டியது அவளில்லை, தலைமையகம். கேட்டிருக்கிறேன்.

நாள் 624, 14:10
தலைமையகம்: “நோயாளியின் நிலை கவலையளிக்கிறது. கர்ப்பப்பையைக் காக்கவும். அறுவை இயந்திரம் இங்கிருந்து பூட்டப்பட்டுள்ளது.”
ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ரத்தம் பெருகுகிறது. கை இருக்கிறது, கத்தி இருக்கிறது. போகிறேன்.

நாள் 624, 18:30
எடுத்துவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். நடந்ததை அப்படியே அனுப்பினேன், கூடவே நான்கு வசவுகளும்.

நாள் 625, 10:00
தலைமையகம்: “இனி அங்கே கருவுறத் தக்கவர் இல்லை. குடியேற்றம் கைவிடப்படுகிறது. உணவுக் கப்பல் பாதி வழியில் திருப்பப்படும்.”
பாவிகள். கையிருப்பு இரண்டு மாதம் தாங்காது. குழந்தையோடு ஒன்பது பேர். அவர்கள் கேட்காத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லவே கூடாது.
சொல்லிவிட்டேன்.

நாள் 625, 13:15
தலைமையகம்: “பெண் குழந்தைக்கு வாழ்த்துகள். கப்பல் வருகிறது. தாயின் ஒப்பந்தம் மகள் பெயருக்கு மாற்றப்பட்டது. கர்ப்பப்பையைக் காக்கவும்.”
ஒலிபெருக்கியில் பெனடிக்டா: “கப்பல் வருதாமே டாக்டர்? எல்லாம் எம் மவ பொறந்த ராசி.”
வருகிறது என்றேன். எதற்காக வருகிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை.