கூடைக்குள் எண்பத்தைந்து டிகிரி

டிசம்பர் 5, 1942. சனி

விடிந்ததிலிருந்து மழை. தெற்கு மாட வீதியில் முழங்கால் தண்ணீர். காலேஜுக்கு லீவ் சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை ஜானகிக்குப் பிரசவம். இரண்டு மாதம் முன்னதாக. பெண். எடை மூன்று ராத்தலுக்குச் சற்று மேல். பிறந்த வீட்டுக்குப் போவதற்காக அவள் அடுக்கிய பெட்டி, கட்டின கயிறோடு கூடத்தில் அப்படியே.

லேடி டாக்டர் வந்து பார்த்தார். இந்த மழையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது இன்னும் ஆபத்தாம். “இந்தக் குழந்தைக்குத் தானா சூடு உண்டாக்கிக்கத் தெரியாது. கூடைக்குள்ள எண்பத்தஞ்சு டிகிரிக்குக் குறையாம பாத்துக்கோங்கோ. சுத்திலும் வெந்நீர்ப் பை வையுங்கோ.”

வெந்நீர்ப் பை என்றால் ரப்பர். லஸ்ஸில் எந்த மருந்துக் கடையிலும் இல்லை. “மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போனதுலேர்ந்து ரப்பர் சாமானே வரல சார்.”

வாங்க: பஞ்சு. கரி. விளக்கெண்ணெய். குடைக்குக் கம்பி.

குழந்தையைப் பார்த்தேன். கூடையில், பஞ்சுக்கு நடுவில் முகம் மட்டும். என்ன தோன்ற வேண்டுமோ அது தோன்றவில்லை. பயம்தான். “தொட்டுத்தான் பாருங்களேன்” என்றாள் ஜானகி. கை ஈரமாக இருக்கிறது என்றேன். ஈரமில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

மழை விட்டு விட்டு.

ரப்பர் இல்லாவிட்டால் வேறு எதில் சூட்டைப் பிடித்து வைப்பது? வருஷம் தவறாமல் இன்டர்மீடியட் பையன்களுக்கு நான் நடத்துகிற பாடம்தான். ஸ்பெஸிபிக் ஹீட். ஒரு கிராம் பொருள் ஒரு டிகிரி சூடேற எத்தனை கலோரி வேண்டும். தண்ணீருக்கு 1. செங்கல், மணல், கண்ணாடி எல்லாம் 0.2 சுமார். இரும்பு 0.11. ஆகவே தண்ணீர். ஆகவே கண்ணாடி சீசா.

கச்சேரி ரோட்டில் காசிம் பாயின் பழைய சீசாக் கடை. “சீசாவா? இன்னாத்துக்கு சார்?” சொன்னேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இருந்ததை ஒதுக்கி, தடித்ததாக மூன்று எடுத்தார். “கொதிக்கக் கொதிக்க ஊத்தாதீங்க, விரிசல் விட்டுக்கும். பொம்பளப் புள்ளையா? அல்லா காப்பாத்துவான். எடுத்துகினு போங்க.”

கணக்கு: ஒரு சீசாவில் தண்ணீர் 700 கிராம். 60-லிருந்து 35 டிகிரி வரை ஆறினால் 17,500 கலோரி. கண்ணாடியின் பங்கு 2,500. மூன்று சீசாவுக்கு 60,000. கூடை மணிக்கு 15,000 இழக்கும் என்று வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும்.

அந்தப் 15,000 எங்கிருந்து வந்தது? நானே போட்டுக்கொண்டது.

டாக்டரின் 85 பாரன்ஹீட். காலேஜிலிருந்து வாங்கி வந்த தெர்மாமீட்டர் சென்டிகிரேட். அதில் 29½. மறக்கக் கூடாது.

டிசம்பர் 7, திங்கள்

காலேஜ். பையன்கள் ஈயக் குண்டுகளைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு ஸ்பெஸிபிக் ஹீட் கண்டுபிடித்தார்கள். ஒருவனுக்கு 0.031. பக்கத்திலிருப்பவனுக்கு 0.022. “ஏன் சார் வித்தியாசம்?” வழியில் சூடு போயிருக்கும் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். எனக்குத்தான் அந்தப் பதில் போதவில்லை.

வீடு திரும்பினால் அக்கா வாசலில். (கணவர் காலமான பிறகு அக்கா எங்களோடுதான்.) “நாலு மணி நேரம் தாங்கும்னு சொன்னியேடா. ரெண்டு மணிக்குள்ள ஆறிப் போயிடுத்து. குழந்தை கால் சில்லுனு இருக்கு.”

தெர்மாமீட்டரில் 26.

கணக்கை மறுபடி போட்டேன். பெருக்கலில் தப்பில்லை. கூட்டலில் தப்பில்லை. பின்னே?

ஜானகி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்னா, அவ பாலே இழுக்கல.” பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 8, செவ்வாய்

தூறல். ஜன்னலில், குண்டு போடும் விமானத்துக்கு வெளிச்சம் தெரியாமலிருக்க ஒட்டின கறுப்புக் காகிதம் நனைந்து உரிகிறது.

புது யோசனை: செங்கல். 0.2 தான், ஆனால் எடை மூன்று கிலோ. நூறு டிகிரிக்கும் சூடேற்றலாம். 3000 × 0.2 × 65 = 39,000. ஒரே கல்லில் இரண்டு சீசாவின் சூடு. சின்ன எண் என்று இத்தனை நாள் செங்கல்லை மட்டமாக நினைத்திருக்கிறேன்.

அடுப்பிலிருந்து எடுத்து, நாலு மடிப்புத் துணி சுற்றி, கூடையில் வைத்தேன். கல்லின் சூடு நூறுதானா, இருநூறா? அளக்க வழியில்லை. 29½ வந்தது. சந்தோஷப்பட்டேன். 31. 34. துணி பொசுங்கும் வாசனை.

சாந்தோமிலிருந்து தினம் வந்து குழந்தைக்கு எண்ணெய் தடவித் துடைக்கும் நர்ஸ் ரோஸம்மா அப்போதுதான் நுழைந்தாள். “இன்னா சார் இது, புள்ளைய சுடறீங்களா? கால பாரு, செவந்து கீது.” கல்லை எடுத்து முற்றத்தில் போட்டாள். மழைத் தண்ணீரில் சீறியது.

கொப்புளம் இல்லை. சாயங்காலம் சிவப்பு மறைந்தது. ஜா. குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். திட்டியிருக்கலாம்.

குறைந்தால் தப்பு, கூடினால் தப்பு. எவ்வளவு சூடு இருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பது வேறு. இது எனக்குத் தெரியும். போர்டில் எழுதிக் காட்டியிருக்கிறேன். தெரிந்தவன் எப்படி இதைச் செய்தேன்?



டிசம்பர் 9, புதன்

மறுபடி சீசாக்கள். ஒன்று ஆறியதும் அதை மட்டும் மாற்றுகிறோம். அப்படியும் கூடை 27-ஐத் தாண்டவில்லை.

மத்தியானம் குழந்தைக்குச் சுற்றும் பிளானல் துணியை மடித்துக் கொடுத்தேன். கையில் ஏதோ சில்லென்றது. சொட்டும் ஈரமில்லை. வெயிலே இல்லாத இந்த நாட்களின் ஈரம். “நன்னா பிழிஞ்சுதாண்டா உலர்த்தறேன்” என்றாள் அக்கா.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஐந்நூற்றுச் சொச்சம் கலோரி. துணியில் இருபது கிராம் ஈரம் என்றால் பதினோராயிரம். ஒரு சீசாவின் சூட்டில் பாதிக்கு மேல் துணி உலர்வதற்கே சரி. தண்ணீர், கண்ணாடி, எல்லாவற்றையும் கணக்கில் எழுதினேன். ஈரத்துக்கு ஒரு வரி எழுதவில்லை.

அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். அறுந்து ஒரு துணி ரசத்தில். ரோஸம்மா சிரித்தாள். நேற்றுக் கத்தினவள்.

மறுபடி கட்டினேன். உலர்ந்த துணியில் கூடை 29. மூன்று மணி நேரம் நின்றது. பஞ்சில் நனைத்துப் பிழிந்த பாலைக் குழந்தை விழுங்கினாளாம். “ரெண்டு வாய்” என்றாள் ஜா.

டிசம்பர் 11, வெள்ளி

பேய் மழை. நேற்று எழுதவில்லை.

ஜானகிக்குக் குளிர் ஜுரம். 103. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. நேற்று ராத்திரியே டாக்டர் வந்து ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, குழந்தையை அடுத்த அறைக்கு மாற்றச் சொன்னார். பிரசவ ஜுரமாக இருக்கலாமாம். அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. “அவளப் பாத்துக்கோங்கோ” என்றாள் ஜா. போர்வைக்குள்ளிருந்து.

103 டிகிரியில் ஒருத்தி குளிர்கிறது என்கிறாள். இன்னொருத்திக்குச் சொல்லவும் தெரியாது. நடுவில் நான்.

காலையில் கரியெல்லாம் நனைந்து அடுப்புப் பற்றவில்லை. தெருவில் தண்ணீர், ரோஸம்மா வரவில்லை. அக்கா ஜானகியை விட்டு நகர முடியாது. சீசா மூன்றும் ஆறிவிட்டன. கூடை 26. குழந்தையின் உதடு நீலமா, நிழலா?

குழந்தைக்குச் சுற்றும்படி வீட்டில் உலர்ந்த துணி என் மேலிருந்த சட்டை ஒன்றுதான். கழற்றிச் சுற்றலாம் என்று அவளை வெளியே எடுத்தேன். எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை. நெஞ்சில் வைத்து, மேலே சட்டை, அதற்கு மேல் கம்பளி.

கால் இரண்டும் விலாவில் ஐஸ் மாதிரி. எலும்பா விரலா தெரியாத கை. அசையவில்லை. நானும் அசையவில்லை. பிறகு எப்போதோ அந்தக் கால்கள் சில்லென்று இல்லை. கடிகாரம் பார்க்கவில்லை. தெர்மாமீட்டர் காலிக் கூடையில் கிடந்தது.

தீட்டு, மடி என்று பேசும் அக்கா எட்டிப் பார்த்தாள். காற்று வராதபடி கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

உட்கார்ந்தபடியே யோசித்தேன். அறுபதில் ஆரம்பித்த சீசா ஆறிப் போகிறது. நான் வெறும் 37. ஆறவில்லை. எடை × ஸ்பெஸிபிக் ஹீட் × இறங்கிய டிகிரி. இறங்கிய டிகிரி பூஜ்யம். ஆக நான் கொடுத்த உஷ்ணமும் பூஜ்யம் என்கிறது சூத்திரம். அவளோ சூடாகிக்கொண்டிருக்கிறாள். தின்ற சோறு எரிகிறது, அதுதான் விடை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அழுதேன் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13, ஞாயிறு

வெயில். முற்றம் முழுக்கத் துணி.

ஜா.வுக்கு ஜுரம் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாள். குழந்தையின் எடை ஏறவில்லை, ஆனால் குறையவும் இல்லை. நல்ல அடையாளம் என்கிறார் டாக்டர். இன்னும் ஒரு மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பகலில் அக்காவும் நானும் முறை வைத்து நெஞ்சில் போட்டுக்கொள்கிறோம்.

ஜா. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்று பார்த்தாள். “இதெல்லாம் எப்போ கத்துண்டேள்?”

“கத்துக்கல.”

சிரித்தாள். உட்காரச் சொன்னேன். கேட்கவில்லை.

இதை, நெஞ்சில் குழந்தையோடு, ஒற்றைக் கையால் எழுதுகிறேன். கோணல் மாணல். இப்போது ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள். கறுப்பா, சாம்பலா? இங்கே வெளிச்சம் போதவில்லை. முற்றத்துப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.